முரசும் சிறுவரும்: அமெரிக்க முரசணிப் போட்டிகளின் கதை

1862ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, வர்ஜீனியா மண்ணில் ஏழு நாட்கள் தொடர்ந்த சண்டைக்குப் பின் வடக்கத்தியப் படை பின்வாங்கியது. களைத்த வீரர்கள் கையில் கனத்தவற்றையெல்லாம் வழியில் எறிந்துவிட்டு நடந்தார்கள். வெர்மான்ட் மூன்றாம் காலாட்படையின் முரசுச் சிறுவன் வில்லி ஜான்ஸ்டன் மட்டும் தன் முரசைக் கைவிடாமல் கொண்டுவந்து சேர்த்தான். அப்போது அவன் வயது 11. அடுத்த ஆண்டு அந்நாட்டின் மிக உயர்ந்த படைவிருதான மெடல் ஆஃப் ஆனர் அவனுக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்றவர்களில் இன்றளவும் அவனே மிக இளையவன்.

இச்செய்தியைப் படிக்கும்போது இரண்டு உணர்ச்சிகள் ஒருசேர எழுகின்றன. ஒன்று வியப்பு; மற்றது சங்கடம். அந்தச் சிறுவனின் உறுதியை மெச்சாமல் இருக்க முடியாது. பதினொரு வயதுப் பிள்ளையை அந்தச் சாலையில் நடக்க விட்டவர்கள் யார் என்று கேட்காமலும் இருக்க முடியாது. அமெரிக்காவில் 'டிரம் கோர்' எனப்படும் போட்டி முரசணிகளின் நூறாண்டு வரலாற்றை வாசிக்கும்போது இவ்விரு உணர்ச்சிகளும் நம்மை விட்டு அகல்வதேயில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இத்தகைய முரசணிகளில் சேரலாமா என்ற கேள்வி அங்குள்ள பெற்றோர்களிடையிலும் இசையாசிரியர்களிடையிலும் ஓயாமல் எழுவது. அதற்கு விடை தேடுமுன் இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது என்று பார்ப்பது நலம். பல சமயங்களில் இன்றைய சிக்கலின் முடிச்சு நேற்றைய கதையில்தான் விழுந்திருக்கிறது.

*

முரசணி என்றதும் பள்ளி விழாக்களில் நாம் காணும் பேண்டு வாத்தியத்தை நினைத்துக்கொண்டால் படம் சரியாக விழாது. இதில் குழலோ கிளாரினெட்டோ கிடையாது. பித்தளை ஊதுகருவிகள், முரசு வகைகள், கொடிகளையும் மரத் துப்பாக்கிகளையும் சுழற்றும் கொடிக்குழு என மூன்றே உறுப்புகள். சுமார் நூற்றைம்பது இளைஞர்கள் கால்பந்துத் திடலில் ஓடியும் பின்னடந்தும் வளைந்தும் உருவங்களை வரைந்துகொண்டே, ஏறத்தாழ பன்னிரண்டு நிமிட இசையை மனப்பாடமாக வாசிப்பார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களுக்காக ஒரு முழுக் கோடை செலவாகும்.

இதன் பிறப்பு எளிமையானது. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் 1919இல் அமெரிக்கன் லீஜன் என்ற சங்கத்தை அமைத்தார்கள். பாசறையில் பழகிய முரசும் பியூகிளும் அவர்களுக்கு மலிவாகக் கிடைத்தன. சங்கத்தின் தேசிய அளவிலான முரசணிப் போட்டி 1921இல் தொடங்கியது. முதலில் வாசித்தவர்கள் முன்னாள் வீரர்களே. பின்னர் அவர்களுடைய பிள்ளைகளும், தெருப் பிள்ளைகளும், சாரணர் குழுக்களும், தேவாலயப் பங்குகளும் வந்து சேர்ந்தன. நியூஜெர்சியின் கார்ஃபீல்டில் ஒரு கத்தோலிக்கப் பங்கு 1934இல் தொடங்கிய ஹோலி நேம் கேடட்ஸ், 1938இல் சாரணர் வழி உருவான மேடிசன் ஸ்கௌட்ஸ், 1948இல் சிகாகோவின் ஒரு சாரணர் குழுவிலிருந்து முளைத்த கேவலியர்ஸ், 1957இல் வயோமிங்கின் காஸ்பர் நகரில் எழுந்த ட்ரூப்பர்ஸ் ஆகியவை அந்த விதைகளிலிருந்து வந்த பெயர்களில் சில.

இங்கு கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. அக்கால பியூகிளில் வால்வு கிடையாது. உதட்டின் இறுக்கத்தால் மட்டுமே சுரம் மாறும். இயல்பாக எழுவன ஐந்தாறு சுரங்கள்தான். இசைக்கலைஞனுக்கு இது பெருங்குறை. ஆனால் ஆலைத் தொழிலாளியின் பன்னிரண்டு வயது மகனுக்கு இதுவே கதவைத் திறந்துவிட்ட வரம். இசைக்குறிப்பு படிக்கத் தெரியவேண்டியதில்லை, தனி ஆசிரியருக்குக் கட்டணம் தரவேண்டியதில்லை, கருவியும் பங்கினுடையது. காதால் கேட்டு, அடுத்திருப்பவனைப் பார்த்து, ஒரு மழைக்காலத்துக்குள் கற்றுக்கொள்ளலாம். கருவியின் வறுமையே அமைப்பின் செல்வமாக இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. பிள்ளைகளைத் தெருவிலிருந்து காப்பது என்பதே அன்று பங்குத்தந்தைகளும் முன்னாள் வீரர்களும் சொன்ன காரணம். இசை அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

நோக்கம் அதுவானால் மதிப்பிடும் முறையும் அதற்கேற்பவே அமையும். நடுவர்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து சென்று பிழைகளை எண்ணினார்கள். தப்பிய சுரம், பிசகிய காலடி, முந்திய முரசுக்கோல் என ஒவ்வொரு பிழைக்கும் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு கழியும். 'டிக்' முறை என்று இதற்குப் பெயர். முழுமை என்ற உச்சியில் தொடங்கி இறங்கிக்கொண்டே வருவதுதான் போட்டி. படையணியின் ஆய்வுக்குப் பொருந்திய முறை இது. கலைக்கு இது பொருந்துமா என்ற கேள்வி எழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

*

அக்கேள்வி 1971இல் கலகமாக வெடித்தது. லீஜனும் பிற முன்னாள் வீரர் சங்கங்களும் வகுத்த விதிகளும், அவர்கள் பிரித்துத் தந்த பணமும் தங்களைக் கட்டிப்போடுவதாக முன்னணி முரசணிகளின் இயக்குநர்கள் கருதினார்கள். ட்ரூப்பர்ஸின் ஜிம் ஜோன்ஸ், கேவலியர்ஸின் டான் வாரன் போன்றோர் முன்னின்று டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பை நிறுவினார்கள். அதன் முதல் இறுதிப் போட்டி 1972 ஆகஸ்டில் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டரில் நடந்தது. வென்றது கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென்.

அதன்பின் விதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1984இல் டிக் முறை கைவிடப்பட்டது. எதைத் தவறவிட்டார்கள் என்பதோடு எதை எட்டினார்கள் என்பதையும் நடுவர்கள் மதிப்பிடத் தொடங்கினார்கள். வால்வுகள் ஒன்று, இரண்டு என்று கூடி 1990இல் மூன்றாயின. 2000இல் பியூகிளின் ஜி சுருதிக் கட்டுப்பாடு நீங்கி, பள்ளி பேண்டுகள் வாசிக்கும் பித்தளைக் கருவிகளே திடலுக்குள் வந்தன. 2004இல் ஒலிபெருக்கியும் 2009இல் மின்னணுக் கருவிகளும் ஏற்கப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழையவர்கள் 'இனி இது முரசணியே அல்ல' என்று முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த தலைமுறை அந்த மாற்றத்தைத் தன் மரபாகவே எடுத்துக்கொண்டது.

இந்த விடுதலை எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு 1993ஆம் ஆண்டு நல்ல சான்று. இந்தியானாவில் மருத்துவக் கருவித் தொழில் நடத்திய பில் குக் என்ற செல்வந்தரின் ஆதரவில் உருவாகி, 1985இல் களமிறங்கி, 1991இல் பட்டமும் வென்ற ஸ்டார் ஆஃப் இந்தியானா, அவ்வாண்டு சாமுவேல் பார்பர், பேலா பார்டோக் ஆகியோரின் இசையைத் திடலுக்குக் கொண்டுவந்தது. கூட்டத்தை எழுப்பிக் கைதட்ட வைக்கும் இடங்களைத் தேடாத, இறுக்கமும் அடர்த்தியும் கொண்ட நிகழ்ச்சி. ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதை வெறுத்தார்கள். இறுதிப் போட்டியில் 97.4 புள்ளிகளுடன் கேடட்ஸ் முதலிடம் பெற, ஸ்டார் 97.3 பெற்று இரண்டாமிடத்தில் நின்றது. பத்தில் ஒரு புள்ளி! பழைய டிக் முறையில் ஒரு காலடிப் பிசகின் விலை. அத்தோடு ஸ்டார் போட்டியிலிருந்தே விலகி மேடைக்குச் சென்றது. அதன் வழிவந்த 'பிளாஸ்ட்' என்ற நிகழ்ச்சி 1999இல் லண்டனில் அரங்கேறி, 2001இல் பிராட்வேயில் டோனி விருது பெற்றது. எண்களால் அளக்க முடியாத ஒன்று தம்மிடம் இருப்பதாக அவர்கள் நம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஒன்றை உருவாக்கியதும் எண்களின் துரத்தல்தான் என்பதை மறந்துவிடலாகாது.

*

கலை வளர்ந்தது, வேறொன்று தேய்ந்தது. தேசிய அளவில் போட்டி என்றானபின் பேருந்துகளும் லாரிகளும் சமையல் வண்டியும் தேவைப்பட்டன. எரிபொருள் விலை ஏறியது. பங்குகளும் வீரர் சங்கங்களும் மெல்ல விலகிக்கொண்டன. ஊருக்கு ஒன்று, சில நகரங்களில் பேட்டைக்கு ஒன்று என்றிருந்த சிறு முரசணிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எஞ்சியவை பெருத்தன. நெடுங்காலம் 128 பேர் என்றிருந்த உச்சவரம்பு 2007இல் 150 ஆயிற்று. பின்னர் அதையும் தாண்டியது. வயது வரம்பு நெடுங்காலமாக 21ஐ ஒட்டியிருப்பதால், முதல்தர அணிகளில் கல்லூரியில் இசை படிப்போரே மிகுந்தார்கள். தெருப் பையன் நடந்து வந்து சேர்ந்த இடத்துக்கு இன்று விமானமேறி வந்து தேர்வு எழுதுகிறார்கள். ஒரு பருவத்துக்கான கட்டணம் பல ஆயிரம் டாலர். பயணச் செலவு தனி. வாசிப்பவருக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை. வாசிப்பவர்தான் பணம் கட்டுகிறார்.

ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஓர் அமைப்பு, அக்கலையின் உயரம் கூடக்கூட அதே பிள்ளைகளுக்கு எட்டாததாயிற்று. யாரோ ஒருவரின் சூழ்ச்சியால் நேர்ந்தது அல்ல இது. ஒவ்வொரு படியும் நல்ல காரணத்தோடுதான் எடுத்துவைக்கப்பட்டது. ஆகவேதான் இதைச் சுட்டவேண்டியிருக்கிறது.

*

இனி நம் கேள்விக்கு வருவோம். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று இதில் சேர விரும்பினால் என்ன சொல்வது?

முதலில் இது தருவது என்ன என்பதை நேர்மையாகச் சொல்லியாகவேண்டும். ஒரு கால்பந்துத் திடலின் நீளம் சுமார் 91 மீட்டர். ஒலி அதைக் கடக்க ஏறத்தாழ கால் நொடிக்கு மேல் ஆகிறது. விரைந்த தாளத்தில் அது கிட்டத்தட்ட ஒரு முழு எண்ணிக்கை. எனவே திடலின் இரு முனைகளில் நிற்பவர்கள் தம் காதை நம்பி வாசித்தால் பார்வையாளருக்கு எல்லாம் சிதறிக் கேட்கும். முன்னால் நிற்பவர் பின்னாலிருந்து வரும் ஒலியோடு இணையவேண்டும். பின்னால் நிற்பவர் தலைவரின் கையசைவைப் பார்த்து, தமக்கு முந்திக் கேட்பதுபோல் தோன்றினாலும் துணிந்து வாசிக்கவேண்டும். தனக்குச் சரியாகப் படுவது கூட்டத்தில் தவறாகலாம் என்பதை ஓர் இளைஞன் தன் உடம்பால் கற்றுக்கொள்ளும் இடம் இது. எட்டு அடிகளில் ஐந்து கஜம், அதாவது ஓர் அடிக்கு இருபத்திரண்டரை அங்குலம் என்ற அளவு, நினைவைக் கடந்து காலுக்குள் இறங்கிவிடுகிறது.

இரண்டாவதாக, இங்கே மாற்று ஆட்களின் இருக்கை என்ற ஒன்று இல்லை. விளையாட்டு அணியில் திறமை குறைந்தவன் ஓரமாக உட்கார்ந்திருப்பான். முரசணியில் ஒவ்வொருவருக்கும் திடலில் ஓர் இடம் உண்டு. அவர் இல்லாவிட்டால் அங்கே ஓர் ஓட்டை விழும். நூற்றைம்பது பேரில் ஒருவர் என்பதும், அந்த ஒருவர் இன்றியமையாதவர் என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும் இடங்கள் இளைஞர்களுக்கு அதிகம் வாய்ப்பதில்லை. பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்துறங்கி, வெயிலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பயின்று, இரவில் வாசித்து, பேருந்திலேயே அடுத்த ஊருக்குப் போகும் அந்த வாழ்வைப் பலர் தம் வாழ்நாளின் சிறந்த கோடையாக நினைவுகூர்வதில் வியப்பில்லை.

மறுபக்கமும் உண்டு. ஒரே பன்னிரண்டு நிமிடத்தை மூன்று மாதம் மெருகேற்றுபவர், அந்த மூன்று மாதத்தில் புதிய குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கப் பயில்வதில்லை. மனோதர்மத்துக்கு அங்கே இடமில்லை. மென்மையான அறையிசைக்கு வேண்டிய காதும் வளர்வதில்லை. இசையறிவின் ஒரு கிளை மட்டும் மிகப் பருத்து வளர்கிறது. உடலின் கணக்கு வேறு. அமெரிக்கப் பணியிட நலத்துறையின் ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பானது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகும். அக்கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். முரசு வரிசையின் நடுவே அவ்வளவு ஒலி வெகு எளிதில் எழும். காதடைப்பான் இன்றிப் பயிலும் பதினாறு வயதுக் காது இழப்பது பின்னாளில் திரும்புவதில்லை.

இவையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கக்கூடியவை. தராசில் ஏற்ற முடியாத ஒன்று 2018இல் வெளிவந்தது. 1993இல் அந்தப் பத்தில் ஒரு புள்ளியில் வென்ற அதே கேடட்ஸ், பத்துமுறை பட்டம் வென்ற அதே கார்ஃபீல்டு முரசணி. அதன் நெடுங்கால இயக்குநர் மீது ஒன்பது பெண்கள் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளை முன்வைத்ததை அவ்வாண்டு ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா இன்குயரர் நாளிதழ் வெளியிட்டது. அவர் பதவி விலகினார். பின்னர் 1980களில் நடந்ததாகச் சொல்லப்படும் கொடுமை குறித்த ஒரு வழக்கும் வந்தது. 1934இல் தொடங்கிய அந்த அணி, இனி இயங்கப்போவதில்லை என்று 2024இல் அறிவித்தது.

இதை ஒரு தனிமனிதரின் இழிவு என்று ஒதுக்கிவிட்டால் எதையும் கற்றவர்களாக மாட்டோம். வீட்டிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, உறக்கம் குறைந்து, தன் இடத்தை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தோடு வாழும் இளையவர். அவருடைய இடம், புகழ், எதிர்கால வேலைக்கான பரிந்துரை அனைத்தையும் கையில் வைத்திருக்கும் மூத்தவர். முணுமுணுக்காமல் தாங்கிக்கொள்வதே பெருமை என்று ஓதும் சூழல். இம்மூன்றும் சேருமிடத்தில் தீயவர் ஒருவர் நுழைந்தால் அவரைத் தடுக்கும் குரல் எழுவது கடினம். இதில் நம்மைத் துன்புறுத்தும் உண்மை ஒன்று இருக்கிறது. அந்தக் கலையை உண்டாக்கும் கட்டொழுங்கும், அந்த மௌனத்தை உண்டாக்கும் கட்டொழுங்கும் வேறுவேறு அல்ல. வெயிலில் ஒரே எட்டு அளவை நாற்பது முறை திரும்பச் செய்யப் பழகிய உடம்பு, கேள்வி கேட்காதிருக்கவும் பழகிவிடுகிறது. முரசை எறியாத சிறுவனைப் போற்றும் பண்பாடு, எறிய விரும்பிய சிறுவனுக்கு என்ன சொல் வைத்திருக்கிறது?

*

அப்படியானால் சேரக்கூடாது என்பதா நம் முடிவு? இல்லை. ஆபத்து உள்ளதையெல்லாம் பிள்ளைகளிடமிருந்து விலக்கிவைத்தால் அவர்களுக்கு அருமையான எதுவும் எஞ்சாது. ஆனால் சேர்வதற்குச் சில நிபந்தனைகளை நாம் வைப்போம்.

முதல்தர அணியே வேண்டும் என்ற வெறி பதினாறு வயதில் தேவையில்லை. குறுகிய பயணமும் உயர்நிலைப் பள்ளி வயதினர் மிகுதியும் கொண்ட இரண்டாம் நிலை அணிகள் இன்னும் இருக்கின்றன. பழைய பேட்டை முரசணியின் சாயல் சற்றேனும் மிஞ்சியிருப்பது அங்கேதான். 21 வயதுவரை காலம் உண்டு. ஓரிரு கோடைகள் பொறுத்திருப்பதால் எதுவும் குடிமுழுகிப் போகாது. பெற்றோர் பார்க்கவேண்டியது இரவு விளக்கில் மின்னும் நிகழ்ச்சியை அல்ல, பகல் மூன்று மணிப் பயிற்சியை. அங்கே தண்ணீருக்கு எத்தனை முறை நிறுத்துகிறார்கள், முரசு வரிசையில் எத்தனை பேர் காதடைப்பான் அணிந்திருக்கிறார்கள், தவறு செய்த பிள்ளையிடம் என்ன தொனியில் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் அறிந்துவிடலாம். இயக்குநரைப் பற்றியே புகார் சொல்லவேண்டுமானால் யாரிடம் சொல்வது என்று கேட்கவேண்டும். அவருக்குக் கீழ்ப்படாத ஒருவரின் பெயர் பதிலாக வரவேண்டும். இவ்வமைப்புகள் பெரும்பாலும் இலாபநோக்கற்றவை என்பதால் அவற்றின் ஆண்டு வரிக்கணக்கு யாரும் பார்க்கக் கிடைப்பது. நிர்வாகக் குழுவில் யார் யார் என்பது அதிலேயே இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. பருவத்தின் நடுவே ஒரு பிள்ளை 'என்னால் இயலவில்லை, வீட்டுக்குப் போகிறேன்' என்று சொன்னால் என்ன ஆகும்? திடலில் ஓட்டை விழும் என்பது மெய்தான். அந்த ஓட்டையோடு அன்றிரவு வாசிக்கத் துணியும் அணி, அந்தப் பிள்ளையை இகழாமல் பேருந்தேற்றி அனுப்பும் அணி, நம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கத்தக்க அணி. இதற்குத் தெளிவான பதில் தர இயலாத அணி எத்தனை கோப்பைகள் வைத்திருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம்.

2020இல் பெருந்தொற்றால் அந்தக் கோடையே ரத்தாயிற்று. 2021இல் அணிகள் புள்ளிகளே இல்லாமல் வாசித்தன. எண் அறிவிக்கப்படாத அந்த மாலைகளிலும் இளைஞர்கள் திடலுக்கு வந்தார்கள். பார்க்க மக்களும் வந்தார்கள். நூறாண்டுக் காலம் பத்தில் ஒரு புள்ளிக்காகப் பிள்ளைகளை வாட்டிய ஓர் அமைப்புக்கு, அப்புள்ளி இல்லாமலும் தன்னால் உயிர்த்திருக்க முடியும் என்று தெரிந்த ஆண்டு அது. அந்தத் தெளிவை மறக்காத முரசணி எதுவோ, அதில் சேரட்டும் நம் பதினாறு வயதினர்.